பொலிஸ் நிலையத்தில் நடந்த களவு

தம்பலவெலையில் களவு போகாத பொருள் இல்லை. தேங்காய் போகும், கோழி போகும், கொடியில் பழுக்கத் தொடங்கிய மிளகு போகும். பள்ளிவாசலில் கை கால் கழுவும் ஹவுள் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்த தகர வாளிகூட ஒரு தடவை போனது. ஆனால் பொலிஸ் நிலையத்திலேயே களவு போயிருக்கிறது என்று பொலிஸிடமே முறையிட்டவர் அந்த ஊரில் ஒருவர்தான். அவர் பெயர் ஸெய்னுலாப்தீன். ஊர் அவரை அண்ணன் முறை வைத்து மைக் நானா என்று அழைத்தது.

பலாபத்வலைக்கு வடக்கே, பெரிய ரோட்டை ஒட்டிய சின்னச் சந்திதான் தம்பலவெல. அறுபதுகளின் தொடக்கத்தில் அங்கே மின்சாரம் வரவில்லை. மின்சாரக் கம்பம் நடுவதற்குக் குழிகள் மட்டும் வந்திருந்தன. அப்படிப்பட்ட ஊரில் ஸெய்னுலாப்தீன் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். கடைக்கு மகளின் பெயரையே போட்டு 'ஸரீனா ஸவுண்ட் சேர்விஸ்' என்று பலகை எழுதியிருந்தார். ஒரு அம்பிளிபயர், இரண்டு ஹோர்ன், ஒரு மைக், இசைத்தட்டுப் பெட்டி, எல்லாவற்றுக்கும் உயிர் கொடுக்க ஒரு கார் பெற்றரி. கல்யாணம், கந்தூரி, பௌத்தப் பன்சலையின் பெரஹெர ஊர்வலம், தேயிலைத் தோட்டத்து மாதா திருவிழா, எந்தக் கட்சிக் கூட்டமென்றாலும் அவர்தான். சிவப்புக் கட்சிக்காரர் காலையில் திட்டிய அதே மைக்கில் நீலக் கட்சிக்காரர் பின்னேரம் திட்டுவார். நடுவில் மைக் நானா அதை ஒரு ஈரத்துணியால் துடைத்து வைப்பார்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. மற்றவர்கள் மைக் சரி பார்க்கும்போது 'ஹலோ, ஹலோ' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். இவரால் நிறுத்த முடியாது.

"ஹலோ, ஹலோ. சந்தைக் கான் அடைச்சிருக்கு. கிராமசபைத் தலைவர் இந்தப் பக்கம் வாறதுன்னா மூக்கப் பொத்திக்கிட்டு வாங்க. ஹலோ, கேக்குதா?"

கேட்டது. அந்த வாரமே சாக்கடைக் கானின் அடைப்பு எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஊரார் தங்கள் குறைகளை அவரிடம் கொண்டுவரத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரியில் மருந்துக்காரர் வருவதில்லை, கூட்டுறவுச் சங்கக் கடையில் சீனிக்குள் மணல் இருக்கிறது, இப்படி. அவர் அதைச் சிங்களத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை சொல்லி மைக்கைச் சரி பார்ப்பார். சொன்னது அவர், கேட்டது ஊர், சிரித்தது எல்லோரும் என்பதால், யாருக்கும் பெரிதாக நோகவில்லை.

இந்த நிலையில்தான் முதிரை மரம் வந்தது.

தம்புள்ளைப் பக்கத்துக் காடுகளிலிருந்து முதிரைக் குற்றி ஏற்றிய லொறிகள் எங்கள் சந்தி வழியாகப் போவது புதிதல்ல. அரசாங்கக் காட்டு மரம்தான். ஆனால் லொறிச் சாரதிமார் சந்தியில் வேகத்தைக் குறைத்து, பொலிஸ் வாசலில் இறங்கி, செய்ய வேண்டிய மரியாதையைச் செய்துவிட்டுப் போவதால் அந்த மரங்கள் காட்டில் முளைத்ததாகவே யாருக்கும் தோன்றவில்லை. ஒரு நாள் வெளியூர் லொறி ஒன்று அந்த மரியாதை தெரியாமல் நேரே போய்விட்டது. நிலையத்துச் சார்ஜன் டிங்கிரிபண்டாவுக்கு அன்று சட்டத்தின் மீது அளவில்லாத பற்று உண்டாயிற்று. அவர் ஜீப்பில் துரத்திப் போய் லொறியைப் பிடித்தார். குற்றிகளை இறக்கி, வழக்குச் சான்றுப் பொருள் என்று பொலிஸ் வளவில் வாகை மரத்தடியில் அடுக்கினார். ஊரே போய்ப் பார்த்தது. அவ்வளவு நல்ல முதிரை.

மரம் வெட்டினால் காடு குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். வெட்டி அடுக்கிய மரமும் தானாகக் குறையும் என்பதை அந்த வளவில்தான் கண்டோம். வாரத்துக்கு வாரம் அடுக்கு பதிந்துகொண்டே வந்தது. அதே காலத்தில், சந்தியில் மரம் அரியும் ஆலை வைத்திருந்த இத்ரூஸ் ஹாஜியாரின் மில்லில் இடைவிடாமல் வாள் ஓடிற்று. ஹாஜியார் பள்ளிவாசல் நம்பிக்கைப் பொறுப்பாளர், ஊரில் பெரிய மனிதர். அதே காலத்தில் சார்ஜனும் பல்லேபொலப் பாதையில் புது வீடு கட்டி, கதவும் நிலையும் போட்டார். மஞ்சள் பூத்த மாதிரி மின்னும் கதவு. பார்த்தவர்கள் எல்லோரும் கதவைப் பாராட்டினார்கள். அது எங்கே முளைத்த மரம் என்று கேட்கும் பண்பற்றவர் யாரும் இருக்கவில்லை.

அந்த வருஷம் ஊருக்குப் புது இன்ஸ்பெக்டர் வந்தார். தெஹிகம என்பது பெயர். வெள்ளைப் பற்கள், மினுக்கிய சப்பாத்து, நல்ல குரல். அவரை வரவேற்கச் சங்கக் கடைக்கு முன்னால் ஒரு கூட்டம் வைத்தார்கள். ஒலிபெருக்கி, வேறு யார், மைக் நானா. ஹாஜியார் மாலை போட்டார். பாடசாலைப் பிள்ளைகள் பாடினார்கள். கடைசியில் இன்ஸ்பெக்டர் எழுந்து சிங்களத்தில் பேசினார்.

"இந்த ஊரில் களவு நடந்தால் பயப்படாமல் என்னிடம் சொல்லுங்கள். கள்ளன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் நான் பார்க்க மாட்டேன். இப்போதே சொல்வதென்றாலும் சொல்லலாம்."

இப்படிப் பேசுகிறவர்கள் யாரும் எழுந்து சொல்லப்போவதில்லை என்ற நம்பிக்கையில்தான் பேசுவார்கள். தெஹிகமவும் அந்த நம்பிக்கையில் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். மேடைக்குக் கீழே பெற்றரிக்குப் பக்கத்தில் குந்தியிருந்த மைக் நானா எழுந்து, இன்ஸ்பெக்டருக்கு முன்னால் இருந்த மைக்கைத் தன் பக்கம் திருப்பினார்.

"மாத்தயா, ஒரு களவு இருக்கு."

"சொல்லுங்க நானா."

"பொலிஸ் வளவுல இருந்த முதிரைக் குத்தி களவு போயிருக்கு. கள்ளன் யாருன்னு எனக்குத் தெரியாது. பொலிஸுக்குப் போய்ச் சொல்லுவோம்னு பார்த்தா, அங்கதான் களவே நடந்திருக்கு. அதான் இங்க வச்சுச் சொல்றேன்."

பிறகு கூட்டம் சிரித்த சிரிப்பை இரண்டு ஹோர்னும் வாங்கி, சந்தி தாண்டி எடுத்துப் போயின. சங்கக் கடை மனேஜர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இன்ஸ்பெக்டரும் பற்கள் எல்லாம் தெரியச் சிரித்தார். "நல்ல நகைச்சுவை உள்ள ஊர்," என்றார். சார்ஜன் டிங்கிரிபண்டா மட்டும் தன் தொப்பியைக் கழற்றி அதன் உட்புறத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் சிரித்ததை நம்பி மைக் நானா சந்தோஷமாக வீட்டுக்குப் போனார். அவர் மனைவி றஹீமா அப்படி எதையும் நம்புகிறவள் அல்ல.

"ஸரீனாட வாப்பா, மைக்க வாடகைக்குக் குடுக்கத்தானே போனீங்க? அதுல பேசுறத்துக்கு அவங்கள்ட ஆள் இல்லாமலா ஒங்களக் கூப்பிட்டாங்க?"

"அவரு கேட்டாரு, நான் சொன்னேன்."

"கேக்கிற எல்லாரும் பதில் வேணும்னா கேக்கிறாங்க?" என்று சொல்லிவிட்டு அவள் அவர் குடித்து வைத்த கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த நாள் காலை தம்பலவெலைக்குச் சட்டம் வந்தது. அதுவரை எங்கே இருந்ததோ தெரியாது. வந்த சட்டம் சந்தியில் யாரையும் தொந்தரவு செய்யாமல், நேரே ஸரீனா ஸவுண்ட் சேர்விஸைத் தேடிப் போனது. அதைக் கூட்டி வந்தவர் ரவூப் என்ற கான்ஸ்டபிள். இளம் வயது, மாத்தளை டவுன்காரர். தமிழ் தெரிந்த ஆள் என்று அவரைத்தான் அனுப்புவார்கள். அவருடைய கல்யாணத்துக்கு ஹோர்ன் கட்டிப் பாட்டுப் போட்டவர் மைக் நானாதான். ஆகவே ரவூப் வாசலில் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"நானா, ஒங்கட சைக்கிள்ல லாம்பு இல்லியாம்."

"ரவூப், சூரியன் தலைக்கு மேல நிக்குது. நான் சைக்கிள ஓட்டவும் இல்ல, செவத்துல சாத்தி வச்சிருக்கேன்."

"அது எனக்குத் தெரியுது நானா. சார்ஜனுக்குத் தெரியல்ல."

அன்றைக்குத் தம்பலவெலையில் இருந்த சைக்கிள்களில் ஒன்றில்கூட லாம்பு இல்லை. பொலிஸ் நிலையத்துச் சைக்கிளில் மணியும் இல்லை. ஆனாலும் மைக் நானா மாத்தளை நீதிமன்றத்துக்குப் போய், குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டம் கட்டி, லாம்பும் வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். ஊரில் லாம்புள்ள ஒரே சைக்கிள் அவருடையதாயிற்று.

அடுத்தது நாய். கடை வாசலில் ஒரு செம்பட்டை நாய் படுத்திருக்கும். அது யாருடைய நாயும் அல்ல. காலையில் இறைச்சிக் கடை, மத்தியானம் பேக்கரி, பின்னேரம் மைக் நானாவின் வாசல். அதற்கு லைசன் எடுக்கவில்லை என்று வழக்கு.

"என்ட நாய்ன்னு யார் சொன்னது?"

"ஒங்களக் கண்டா வாலாட்டுதாம் நானா," என்றார் ரவூப், நிலத்தைப் பார்த்துக்கொண்டே. "அப்பிடித்தான் எழுதச் சொல்லி இருக்கு."

றஹீமா ரவூபுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். அவர் குடிக்கக் கூச்சப்பட்டார். "குடிங்க தம்பி. இதுக்கும் லைசன் வேணும்னா பொறகு வந்து எழுதுங்க," என்றாள்.

அடுத்தது கடைக்கு முன்னால் கானுக்குக் குறுக்கே போட்டிருந்த பலகை. பொது வழியை மறிக்கிறதாம். அந்த வீதியில் எல்லாக் கடைக்கும் அப்படி ஒரு பலகை உண்டு, இல்லாவிட்டால் வாடிக்கையாளர் கானுக்குள்தான் இறங்கி வர வேண்டும். ஹாஜியாரின் மில் வாசலில் குற்றிகள் பாதி ரோட்டைப் பிடித்துக் கிடந்தன. பஸ்ஸே ஒதுங்கிப் போகும். அது வழியை மறிப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. மைக் நானாவின் பலகை மட்டும் ஜீப்பில் ஏறிப் போனது.

தண்டம் கட்டிக் கட்டி அவருக்கு மாத்தளை நீதிமன்றம் பழகிப்போயிற்று. வாசலில் வெற்றிலை விற்பவள், "இன்னைக்கு என்ன நானா?" என்று கேட்பாள். "இன்னைக்குப் பலகை," என்பார். முகத்தில் சிரிப்பிருக்கும். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது அந்தச் சிரிப்பு இருக்காது. சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். அவரைக் கோபக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் அந்த நாட்களில் ஒரு முறை, ஸரீனா ரேடியோவைத் திருகியதற்கு அவளைப் பார்த்துக் கத்திவிட்டு, பிறகு அவள் தலையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

பள்ளிவாசலில் ஹாஜியார் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

"ஸெய்னுலாப்தீன், பொலிஸோட மோதி யாரு நல்லா இருந்தது? பெய்த்து இன்ஸ்பெக்டர் மாத்தயாக்கிட்ட ஒரு வார்த்த பணிஞ்சு சொல்லிட்டு வாங்க. நானும் சொல்றேன்."

"என்னத்தச் சொல்லுறது ஹாஜியார்?"

"அது வெளையாட்டுக்குச் சொன்னது, அப்பிடி மரம் ஒண்டும் போகல்லன்னு."

"அப்ப மரம் எங்க இருக்குன்னு கேட்டா? ஒங்கட மில்லக் காட்டவா?"

ஹாஜியார் அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை. பள்ளிவாசல் கந்தூரிக்கும் அந்த வருஷம் ஒலிபெருக்கி வேண்டாம் என்று முடிவாயிற்று. சத்தமில்லாமல் செய்தால்தான் பக்தி கூடும் என்று திடீரென்று கண்டுபிடித்திருந்தார்கள்.

ஒலிபெருக்கி போடப் பொலிஸ் அனுமதி வேண்டும். அதுவரை அதை யாரும் கேட்டதில்லை. இப்போது கேட்டார்கள். மைக் நானா அனுமதிக்குப் போனால் இன்ஸ்பெக்டர் இல்லை என்பார்கள். இன்ஸ்பெக்டர் இருந்தால் றப்பர் முத்திரை இல்லை என்பார்கள். முத்திரையும் இருந்த நாளில் கல்யாணமே முடிந்திருக்கும். இதற்கிடையில் சார்ஜனின் மச்சான் சோமதாஸ என்பவருக்குத் திடீரென்று இசையில் ஆர்வம் பிறந்தது. அவர் எங்கிருந்தோ ஒரு பழைய ஹோர்னும் மைக்கும் வாங்கி வந்து, சந்தியில் 'ஜய ஸவுண்ட்' என்று பலகை மாட்டினார். அவருக்கு அனுமதி கேட்கும் முன்பே கிடைக்கும். ஊராரும் பாவம், கல்யாணத்தைத் தள்ளிப்போடவா முடியும்? 'ஜய' பக்கம் போனார்கள். மைக் நானாவைக் கண்டால் மட்டும் கொஞ்சம் வேகமாக நடந்தார்கள்.

அந்த நேரத்தில் அவரைத் தேடி வந்த ஒரே ஆள் ஒஸ்வல்ட். பக்கத்துத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, மாதா கோயில் காரியங்களை நடத்துகிறவர். "நானா, எங்க திருவிழாவுக்கு வருஷா வருஷம் நீங்கதான் கட்டுறீங்க. மாதாவுக்கு வேற கொரல் பழக்கமில்ல. அனுமதிய நானே எடுக்கிறேன்," என்றார். எடுத்தும் வந்தார், முத்திரையோடு. மைக் நானா அன்றைக்குத் தன் அம்பிளிபயரைப் பிள்ளையைக் குளிப்பாட்டுவது போலத் துடைத்து எடுத்துப் போனார்.

மாதாவின் சுற்றுப்பிரகார ஊர்வலம் பாதி வழியில் வரும்போது ஜீப் வந்தது. சார்ஜன் அனுமதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கோயிலுக்குக் கொடுத்த அனுமதி. மெஷின் கோயிலுடையதா?"

"இல்ல மாத்தயா, நானாவோடது," என்றார் ஒஸ்வல்ட்.

"அப்ப மெஷினுக்கு அனுமதி இல்லை."

ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவரின் வாயிலிருந்து வந்த சொல் பாதியில் அறுந்தது. அம்பிளிபயர் பெட்டியைத் தூக்கி ஜீப்பில் வைத்து, சான்றுப் பொருள் என்று ரவூபின் பொறுப்பில் பாரம் கொடுத்தார்கள். தோட்டத்துப் பெண்கள் மெழுகுதிரியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்கள். மைக் நானா அறுந்து தொங்கிய வயரைச் சுருட்டி, முடிச்சுப் போட்டு, சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் தினமும் பொலிஸ் நிலையத்துக்குப் போகத் தொடங்கினார். ஆஸ்பத்திரியில் கிடக்கும் சொந்தக்காரரைப் பார்க்கப் போவது போல. வாசலில் நின்று, மூலையில் இருக்கும் பெட்டியை எட்டிப் பார்ப்பார். பொலிஸ்காரர் ஏன் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல. இந்த வளவுல பொருள் மெலிஞ்சு போற வியாதி இருக்கு. அதான் வந்து பாக்கிறேன்," என்பார். பெட்டி அங்கேதான் இருந்தது. மனம் கொஞ்சம் ஆறும்.

பிறகு பாடசாலை விளையாட்டுப் போட்டி வந்தது. 'ஜய ஸவுண்ட்' ஒலிபெருக்கி. மைக் நானா வேலிக்கு வெளியே நின்று மகளின் ஓட்டத்தைப் பார்க்கக் காத்திருந்தார். சோமதாஸ பொத்தானைத் திருகியதும் ஹோர்ன் 'க்ர்ர்ம்' என்று ஒரு தடவை கனைத்துவிட்டுப் பேசத் தொடங்கியது. மைக் நானா ஹோர்னை நிமிர்ந்து பார்த்தார். அது அவருடைய அம்பிளிபயரின் கனைப்பு. வருஷக்கணக்காக அதைச் சரிசெய்யப் பார்த்து, முடியாமல் விட்டது. கூட வாழ்ந்த பொருளின் குரல் வேறொருவன் வீட்டிலிருந்து கேட்டால் எப்படி இருக்கும்? ஸரீனா ஓடி இரண்டாவதாக வந்ததை அவர் பார்க்கவே இல்லை. நேரே பொலிஸுக்குப் போனார்.

"இன்னொரு களவு நடந்திருக்கு மாத்தயா."

"எங்கே?"

"இங்கதான்."

சார்ஜன் மூலையைக் காட்டினார். "கண் தெரியவில்லையா நானா? அதோ பெட்டி."

"பெட்டி இருக்கு. தொறந்து காட்டுங்க."

சான்றுப் பொருளை வழக்குக்கு முன் திறப்பது சட்டவிரோதம் என்று சார்ஜன் விளக்கினார். சட்டத்தை அவர் எவ்வளவு நேசித்தார் என்பதை அன்று மறுபடியும் கண்டோம். மைக் நானா திறக்கச் சொல்லி வற்புறுத்தினார். குரல் உயர்ந்தது. மைக் இல்லாமலே சந்தி வரைக்கும் கேட்டது. கடமையிலிருந்த உத்தியோகத்தருக்கு இடையூறு செய்தார் என்று அவரைப் பொலிஸ் கூட்டில் அடைத்தார்கள்.

செய்தி கேட்டு றஹீமா வந்தாள். பொலிஸ் பக்கம் தலைவைத்தும் படுக்காதவள். தலையில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, கையில் சாப்பாட்டுக் கரியரோடு நிலையத்துக்குள் நுழைந்து, சுவரோரமிருந்த நீண்ட மர வாங்கில் உட்கார்ந்தாள்.

"யார் நீ? என்ன வேண்டும்?" என்று இன்ஸ்பெக்டர் தெஹிகம கேட்டார்.

"ஸரீனாட உம்மா. அவரு வெளிய வாற வரைக்கும் நானும் இங்கதான் இருக்கப் போறேன் மாத்தயா. வீட்டுல தனிய இருக்கப் பயம். ஊர்ல களவு கூடிப் போச்சு."

சிங்களத்தில் அவள் அதைச் சொன்ன விதம் அவ்வளவு பணிவாக இருந்தது. கோபப்படவும் முடியாமல், சிரிக்கவும் முடியாமல் இன்ஸ்பெக்டர் தன் அறைக்குப் போய்விட்டார். அவள் அசையவில்லை. முறைப்பாட்டுக்கு வந்தவர்கள், போனவர்கள், எல்லோரும் அவளிடம், அக்காவைக் கேட்பது போல, "என்ன தாத்தா?" என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அவள் பொறுமையாக, சத்தமாகச் சொன்னாள். பொழுது சாய்வதற்குள் மைக் நானாவைப் பிணையில் விட்டார்கள். வழியில் அவர் பாலத்தடியில் நின்று, "நீ வருவேன்னு நான் நெனைக்கல்ல றஹீமா," என்றார். "நானும் நெனைக்கல்ல," என்றாள் அவள். "சோறு ஆறிப்போச்சு."

இந்தத் தடவை, அனுமதியில்லாத மெஷினுக்கும் இடையூறுக்குமாகச் சேர்த்துப் போட்ட வழக்கில், அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. மாத்தளையில் ஞானரட்ணம் என்ற வக்கீல், அந்தக் காலத்துப் பேச்சில் புரொக்டர், இருந்தார். தூக்கக் கலக்கத்தில் பேசுவது போலப் பேசுகிறவர். சைக்கிள், நாய், பலகை என்று மைக் நானா வந்து போனதையெல்லாம் நீதிமன்றத்தின் பின்வரிசை வாங்கிலிருந்து பார்த்திருந்தார். அவரே கூப்பிட்டு வழக்கை எடுத்தார்.

வழக்கு அன்று அவர் நீண்ட வாதம் எதுவும் செய்யவில்லை. "கனம் நீதவான் அவர்களே, சான்றுப் பொருளைக் கொஞ்சம் பேச வைக்க வேண்டும். அது என்ன சொல்கிறது என்று கேட்போம்," என்றார். பெட்டியை மேசையில் வைத்தார்கள். பெற்றரியோடு இணைத்தார்கள். பொத்தானைத் திருகினார்கள். பெட்டி மௌனம் காத்தது.

"திறவுங்கள்," என்றார் நீதவான்.

உள்ளே சாக்குத்துண்டில் சுற்றிய அரைச் செங்கல் ஒன்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் எலி கட்டிய கூடு. நீதிமன்றம் நிறைந்த சனம் எட்டிப் பார்த்தது.

"இது என்ன சார்ஜன்?"

"எலி கடித்திருக்கிறது கனம் ஐயா. எங்கள் நிலையத்தில் எலித் தொல்லை அதிகம்."

"எலி இரும்பையும் செம்புக் கம்பியையும் தின்றதா?"

"பசியில் தின்றிருக்கலாம் கனம் ஐயா."

"செங்கல்லை யார் கொண்டுவந்து வைத்தது? அதுவும் எலியா?"

சார்ஜன் யோசித்தார். எலிமேல் இன்னொரு பழி போடலாமா என்று பார்த்தது போல இருந்தது. நீதவான் அவரை விட்டுவிட்டு, பொருளைப் பாரம் எடுத்த கான்ஸ்டபிளைக் கூண்டில் ஏறச் சொன்னார். ரவூப் ஏறினார். காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பாரம் எடுக்கும்போது உள்ளே என்ன இருந்தது?"

ரவூப் சார்ஜனைப் பார்த்தார், இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். பிறகு மைக் நானாவைப் பார்த்தார். மைக் நானா தலையைக் குனிந்துகொண்டார். உண்மையைச் சொல் என்று ஒரு இளம் ஆளின் முகத்தைப் பார்த்துக் கேட்க அவரால் முடியவில்லை என்று பிறகு சொன்னார்.

"எல்லாம் இருந்தது கனம் ஐயா," என்றார் ரவூப். "அன்றைக்குத் திருவிழாவில் அது வேலை செய்ததை நான் காதால் கேட்டேன். என் கல்யாணத்திலும் இதே மெஷின்தான்."

மைக் நானா விடுதலையானார். நீதவான் பொலிஸைக் கடுமையாகக் கண்டித்து, விசாரணை வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் விசாரித்தது. இரண்டு பெரிய அதிகாரிகள் வந்து, ஹாஜியார் வீட்டில் பகல் சாப்பாடு சாப்பிட்டு, நிலையத்தைச் சுற்றிப் பார்த்து, எலிகள் இருப்பதை உறுதி செய்தார்கள். எலிகளை ஒழிக்கப் பூனை வளர்க்கும்படி சிபாரிசும் செய்ததாகக் கேள்வி. இன்ஸ்பெக்டர் தெஹிகம பதவி உயர்ந்து வேறு பெரிய ஊருக்குப் போனார். சார்ஜன் அந்த முதிரைக் கதவுக்குள்ளேயே ஓய்வு பெற்றார். 'ஜய ஸவுண்ட்' தொடர்ந்து கனைத்தது. அம்பிளிபயரைத் திரும்பப் பெற வேண்டுமென்றால் வேறு வழக்குப் போட வேண்டும் என்றார்கள்.

தண்டிக்கப்பட்டவர் ரவூப் மட்டும்தான். மகாவலி ஆற்றுக்கு அப்பால், யானை நடமாடும் ஒரு காட்டுச் சாவடிக்கு மாற்றினார்கள். அவரை பஸ் ஏற்ற மைக் நானா வந்தார். அம்பிளிபயர் போனதற்கு அழாத மனிதர், பஸ் நிறுத்தத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"என்னாலதானே தம்பி."

"விடுங்க நானா. அங்க சைக்கிள் இல்ல, நாய் இல்ல, பலகையும் இல்ல. யானைக்கு லைசன் கேட்டு என்னைய அனுப்ப மாட்டாங்க," என்று ரவூப் சிரித்தார். பஸ் போன பிறகும் மைக் நானா அங்கேயே நின்றார்.

அதற்குப் பிறகு அவர் ஒலிபெருக்கி வாங்கவில்லை. ரேடியோ திருத்தும் கடை போட்டார். வயிறு நிறைந்தது, அவ்வளவுதான். ஊர் அவரை இரண்டு விதமாகப் பேசியது. பிழைக்கத் தெரியாத மனிதர் என்று சத்தமாகவும், ஆம்பிளை என்று மெதுவாகவும். அவர் இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் ஒன்று நடந்தது. அதை அவரும் எதிர்பார்க்கவில்லை, பொலிஸும் எதிர்பார்க்கவில்லை. எழுபதுகள் தொடங்கிய நேரம், தோட்டத்திலிருந்து கிருஷ்ணம்மா என்ற கொழுந்து பறிக்கும் பெண் அவர் கடைக்கு வந்தாள். அவள் பசு காணாமல் போயிருந்தது. யார் பிடித்தார்கள் என்றும் அவளுக்குத் தெரியும். முறைப்பாடு கொடுக்கப் போனால், நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

"நீங்க கூட வந்தா எழுதுவாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க நானா."

"நான் வந்தா ஒன்னயும் சேத்துப் புடிச்சு உள்ள போடுவாங்க புள்ள."

"பரவாயில்லங்க. மாடு இல்லாம வீட்டுல இருந்து என்ன செய்ய?"

அவர் ரேடியோவை மூடி வைத்துவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். நிலையத்தில் இருந்தவர்கள் எல்லோரும் புது ஆட்கள். ஆனால் செங்கல் கதை அங்கே நாற்காலி மேசையோடு சேர்த்து ஒருவரிடமிருந்து ஒருவர் பாரம் எடுக்கும் கதையாகிவிட்டது. மேசையிலிருந்த கான்ஸ்டபிள் அவரைக் கண்டதும் எழுந்தே விட்டார்.

"நானா, நீங்கள் எதற்கு வந்தீர்கள்?"

"நான் சும்மா மாத்தயா. இவங்க மாட்டப் பத்திச் சொல்ல வந்தாங்க. நான் இந்த வாங்குல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கேன்."

"எதைப் பார்க்கப் போகிறீர்கள்?"

"கையில வேல இல்ல. எல்லாத்தையும்தான்."

கான்ஸ்டபிள் மூலையிலிருந்த பொருட்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு கிருஷ்ணம்மாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, பேனையை உதறி, "மாட்டின் நிறம் என்னம்மா?" என்று கேட்டார்.

"செவலைங்க. நெத்தியில வெள்ள," என்றாள் கிருஷ்ணம்மா. சொல்லிவிட்டு, அவர் அதை எழுதுகிறாரா என்று எட்டிப் பார்த்தாள். எழுதினார்.